சுவர் பக்கம் திரும்புகிறவர்

"பாஸ்வேர்ட் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க."

கிறீச்சென்று ஒரு சத்தம். கணினித் திரையில் இவ்வளவு நேரம் தெரிந்த முகம் போய்ப் பின்னந்தலை வருகிறது. நடுவில் டப்பா மூடி அளவுக்கு வழுக்கை. "ம், இப்ப அடிங்க. முடிஞ்சதும் சொல்லுங்க" என்கிறது பின்னந்தலை. அதன் பிறகு ஒரு முனகல். பாட்டு என்று சொல்ல முடியாது, பாட்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் 'முடிஞ்சது' என்று சொல்லும்வரை அது நிற்காது.

நான் இன்று ஆபீசுக்குப் போகாமல் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஆபீசில், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி. என் விரல்கள் அவருக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் என் முகமும், எனக்குப் பின்னால் கொடியில் காயும் என் கணவரின் பனியனும்தான். நான் அடிப்பது திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் விழும். இருந்தாலும் திரும்பிவிட்டார். முகமே தெரியாத சாதாரண போன் பேச்சிலும் இப்படித்தான் நாற்காலியைத் திருப்புவாராம். பக்கத்து மேசைக்காரி சத்தியம் செய்து சொல்கிறாள்.

அவர் நாற்காலி திரும்பும் பக்கத்தில் சுவர் இருக்கிறது. அதனால் அவருக்குச் சுவரண்ணன் என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது யார் என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். அந்தச் சுவரில் அவர் முகத்துக்கு நேரே எங்கள் ஆபீஸ் பெண்கள் ஒரு சிரிக்கும் பொம்மைப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். "பாவம், பார்த்துக்கிட்டு இருக்க ஏதாவது வேணும்ல?" அவர் அதைக் கிழிக்கவும் இல்லை, ஒட்டியது யார் என்று விசாரிக்கவும் இல்லை. விசாரிப்பது அவருக்குத் தெரியாத தொழில்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் எங்களுக்குத்தான் போன் வரும். 'லிஃப்ட் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது' என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பணிவாகப் பதில் எழுதுவது என் வேலை. வீட்டிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் மனமிரங்கியபோது, நாற்பத்தொரு பேரின் வீடுகளையும் ஆபீசோடு இணைக்கும் பொறுப்பு சுவரண்ணன் தலையில் விழுந்தது. அதற்கு வி.பி.என். என்று பெயர். அது என்னவென்று அவரிடம் கேட்டால் படம் போட்டெல்லாம் விளக்க மாட்டார்.

"உங்க வீட்டுக்கு ஒரு லிஃப்ட் வச்சுக் குடுக்கறேன்மா. மத்தவங்க போற தெருவுலதான் அதுவும் போகும். ஆனா எந்த மாடியிலயும் நிக்காது. நேரா ஆபீசு. ஜன்னல் கிடையாது, உள்ள யாரு இருக்கா, கையில என்ன வச்சிருக்காங்கன்னு தெருவுல போறவனுக்குத் தெரியாது. சாவி உங்ககிட்ட."

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"எனக்கு மேல போச்சு, கீழ வந்துச்சுன்னு தெரியும். உள்ள யாரு தலை சீவினாங்கன்னு தெரியாது."

லிஃப்டை விட்டு அவரால் வெளியே வர முடியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. முதல் இருபது வருடங்கள் அவர் லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கினார். கையேடுகளை வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்து, தானே கற்றுக்கொண்டு, இன்று ஆபீசின் அத்தனை வயர்களும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அந்தச் சுவர் பார்க்கும் பழக்கமும் மெக்கானிக் காலத்தில் வந்ததுதான்.

"நடு மாடியில ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டவங்க எப்படி இருப்பாங்க? ஒருத்தர் அழுதிருப்பார். ஒருத்தர் சட்டையக் கழட்டிப் போட்டிருப்பார். புருஷன் பொண்டாட்டின்னா பத்து வருஷச் சண்டைய அதுக்குள்ள போட்டு முடிச்சிருப்பாங்க. கதவத் திறந்த உடனே ஆன்னு உள்ள பார்த்தா அவங்க கதி என்ன? அதனால திறந்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுருவேன். மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு அவங்களா வெளிய வரட்டும்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்த நல்ல குணத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏழு வருடங்களுக்கு முன்னால் எங்கள் மேனேஜரே எங்கள் கட்டடத்து லிஃப்டில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே ஒரு மணி பத்து நிமிடம் மாட்டிக்கொண்டார். லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர், லிஃப்ட் கம்பெனியின் லிஃப்டில்! மொத்த ஆபீசும் நான்காவது மாடியில் கூடிவிட்டது. அப்போது மெக்கானிக்காக இருந்த சுவரண்ணன், "காத்து வரணும், எல்லாரும் கீழ போங்க" என்று எங்களை விரட்டிவிட்டுத் தனியாகக் கதவைத் திறந்தார். சிறிது நேரம் கழித்து மேனேஜர் படிய வாரிய தலையோடு இறங்கி வந்தார்.

உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்? அழுதார் என்று ஒரு கட்சி. சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கட்சி. பயத்தை மறக்கப் பாடிக்கொண்டிருந்தார் என்று ஒரு சிறிய கட்சி, அதை யாரும் நம்பவில்லை. நான் ஏழு வருடங்களாகச் சுவரண்ணனின் வாயைப் பிடுங்கிப் பார்க்கிறேன். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், 'எனக்குத் தெரியும், சும்மா கேக்கறேன்' என்று தூண்டில் போட்டும் பார்த்தேன். ஒரே பதில்: "நான் பார்க்கலையேம்மா." மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

வி.பி.என். போட வீட்டுக்கே வருவார். தோளில் ஒரு பை, பைக்குள் இன்னொரு பை. வாசலில் செருப்பைச் சுவர் ஓரமாக, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி விடுவார். டீ நீட்டினால், "பச்சை லைட் எரியட்டும், அப்புறம்" என்பார். சில வீடுகளில் பச்சை எரிவதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். அந்த ஆடையைக் கவனமாக ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். கம்ப்யூட்டரைத் திட்ட மாட்டார், தட்ட மாட்டார். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

சோதனையெல்லாம் பாஸ்வேர்ட் கட்டத்தில்தான். "யாராலயும் யூகிக்க முடியாததா வைங்க. உங்களாலயே முடியாதபடி வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்புவார். நம் ஆட்கள் சும்மா அடிப்பார்களா? வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார்கள். என் கணவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, போனுக்கு வந்த ஆறு எண்களைச் செய்தி வாசிப்பதுபோலச் சத்தமாக வாசித்தார். "சொல்லாதீங்க சார், சொல்லாதீங்க!" என்று இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு முனகலின் சத்தத்தைக் கூட்டிவிட்டார் சுவரண்ணன்.

அந்த முனகல் மெட்டு எந்தப் பாட்டென்று யாருக்கும் பிடிபடவில்லை. என் கணவருக்குப் பாட்டுப் பைத்தியம். முதல் நான்கு ஸ்வரம் கேட்டால் பாட்டைச் சொல்லிவிடுவார். அவரே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, "இது எந்தப் படத்துலயும் இல்ல. யாரோ சொந்தமா இழுத்தது" என்று கைவிட்டுவிட்டார். சுவரண்ணனோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னது இன்னும் விசித்திரம்: "சுவரைப் பார்க்கறது எப்பவும் உண்டு. இந்த ராகம் நடுவுல வந்த வியாதி. ஆறேழு வருஷமாத்தான்."

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு சடங்கு. அந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு தாளை ஆபீஸ் பிரிண்டருக்கு அனுப்புவார். 'பத்திரமா வந்து சேர்ந்தேன்' என்று ஒரு வரி மட்டும் அதில் இருக்கும். அந்தப் பிரிண்டர் மேனேஜரின் கண்ணாடி அறை வாசலில் நிற்கிறது. அதற்குப் பக்கத்து மேசை என்னுடையது. ஆகவே எனக்குத்தான் போன் வரும். "வந்துச்சாம்மா?" "வந்துச்சு அண்ணே." அப்புறம் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் பிரிண்டரை நீக்கிவிட்டுத்தான் கிளம்புவார். இல்லாவிட்டால் யாராவது வீட்டில் பிரிண்ட் என்று அழுத்த, அது ஆபீசில் வந்து விழுமே! நாற்பது வீடுகளில் மறக்காமல் நீக்கினார்.

நாற்பத்தொன்றாவது வீடு ஹெல்ப்லைன் அக்காவுடையது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பதறிப்போய் எங்களை அழைக்கும்போது முதல் மணியிலேயே போனை எடுத்து, அந்த லிஃப்டின் பழைய பதிவேட்டைத் திறந்து பார்த்து, "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, காத்து வர்ற ஓட்டை உங்க தலைக்கு மேலதான் இருக்கு" என்று பேசிக்கொண்டே இருப்பது அவர் வேலை. அவருடைய கணவர் பஸ் டிரைவர். பல்ப் மாற்ற ஸ்டூல் மேல் ஏறி, இறங்குவதற்கு வேறு வழியைத் தேர்ந்தெடுத்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டுவிட்டார். இரண்டு மாதம் படுக்கை. அவரைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மேனேஜருக்கோ வீட்டிலிருந்து வேலை என்றாலே தூக்கம் என்று அர்த்தம். அதுவும் ஹெல்ப்லைனை வீட்டில் விடுவதாவது! கடைசியில் ஒரு வாரம் கெடு கொடுத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை. இணைப்பு அறுந்தாலோ, ஏதாவது ஒழுங்கீனம் நடந்தாலோ, அக்கா ஆபீசுக்கு வந்தாக வேண்டும். வர முடியாவிட்டால் வேலையை வேறு ஒருவர் பார்ப்பார். இதை அவர் ஸ்பீக்கர் போனில், படுக்கையில் கிடந்த கணவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

முதல் நாளே கோளாறு. பச்சை விளக்கு எரிகிறது, லிஃப்ட் பதிவேடு மட்டும் திறக்கவில்லை. அக்கா அழாத குறை. சுவரண்ணன் ஓடினார், அவருடைய முழங்கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. அரை மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டுச் சிரித்தாராம். "ஒன்னுமில்லம்மா. உங்க வீட்டு நெட்வொர்க்குல இருக்கற நம்பரும் ஆபீசுக்குள்ள இருக்கற நம்பரும் ஒன்னா அமைஞ்சு போச்சு. ஆபீசு ரிஜிஸ்டரைத் தேடச் சொன்னா, இது உங்க வீட்டுக்குள்ளயே அந்த நம்பரைத் தேடிக்கிட்டுக் கிடக்கு." வீட்டு நெட்வொர்க்கின் எண்ணை மாற்றினார். பதிவேடு திறந்தது. சோதனைத் தாளும் என் பக்கத்தில் வந்து விழுந்தது. "வந்துச்சாம்மா?" "வந்துச்சு அண்ணே."

அந்த நேரம் பார்த்து டிரைவர் பேச்சுக் கொடுத்தார். பொழுது போகாமல் தவிக்கும் மனிதர், அதோடு கதை கேட்பவர், கதை எழுதுகிறவரும்கூட. "நானும் முப்பது வருஷமா கதவு திறந்து மூடினவன்தான். உங்களுக்கு லிஃப்டுல நடந்தது ஏதாவது சொல்லுங்களேன்." சுவரண்ணன் லிஃப்டுகளைப் பற்றிச் சொன்னார், மனிதர்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு சுவாரசியத்தில் பிரிண்டரை நீக்க மறந்தார். இருபத்தேழு வருட சர்வீசில் நான் அறிந்து அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

வியாழக்கிழமை மதிய இடைவேளை. என் பக்கத்துப் பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. கவிழ்ந்தபடி ஒரு தாள் வந்தது. 'பத்திரமா வந்து சேர்ந்தேன்' என்றுதான் இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். நான் சுவரண்ணன் இல்லை. என் கண்கள் இருக்கிற இடத்தில் இருக்கின்றன, தாள் வந்தால் படிக்கும்.

கொட்டை எழுத்தில் தலைப்பு: 'கண்ணாடி அறைச் சக்கரவர்த்தி'. அதன் கீழே: 'நமது சக்கரவர்த்தி காலையில் எழுந்ததும் தம் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். அது மூக்கின் மேலேயே இருக்கும். ஆனாலும் விட மாட்டார். அதைக் கண்டுபிடித்துத் தரும்படி பதினான்கு பேருக்கு மெயில் அனுப்புவார். ஸ்பீக்கர் போனில் அவர் பேசினால் எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி விழும்.'

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே எழுதியது யார் என்று புரிந்துவிட்டது. சுவரில் பல்லி, ஸ்பீக்கர் போன். அக்காவின் கணவர், அந்தப் பஸ் டிரைவரேதான். அக்கா குளிக்கவோ சமைக்கவோ போன நேரத்தில் மனிதர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் காவியத்தை அடித்துப் பிரிண்ட் கொடுத்துவிட்டார். இணைப்பை ஒரு நிமிடம் துண்டித்தாலும் கெடுவில் கரும்புள்ளி விழுமோ என்று பயந்து அக்கா நாள் முழுக்க அதைத் திறந்தே வைத்திருந்தார். சக்கரவர்த்தி நேராகத் தம் அரண்மனை வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டார். இரண்டாவது தாள் விழுந்தது. மூன்றாவது விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் தயிர்ப் பெட்டியைக் கழுவி மூடிக்கொண்டிருந்தார்.

நான் சுவரண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, ஹெல்ப்லைன் அக்கா வீட்டுலேர்ந்து வருது. நிக்காம வருது." "ஐயையோ, பிரிண்டரை நான் எடுக்கலையே" என்று மட்டும் கேட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்தவர் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அது பிரிண்டருக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில். ஆகவே பிரிண்டருக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் நீட்டி, விழும் தாள்களைக் கவிழ்த்தபடியே வாங்கி வாங்கி அடுக்கத் தொடங்கினார். நான் என்னிடமிருந்த முதல் பக்கத்தையும் அந்தக் கைகளில் திணித்தேன். அடுத்தவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அந்த அவசரத்திலும் சுவரைப் பார்த்தே நின்றார். எனக்குக் கோபமாக வந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பத்தொன்பதாவது தாளோடு பிரிண்டர் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பேப்பர் தீர்ந்துவிட்டது. சிவப்பு விளக்கு. மிச்சப் பக்கங்கள் அதன் வயிற்றுக்குள்.

மேனேஜர் கதவைத் திறந்தார். கையில் புதுப் பேப்பர்க் கட்டு. "இந்த ஆபீசுல பேப்பர் போடக்கூட நான்தான் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே, அதைப் பிரித்து, தட்டை இழுத்துத் தம் கையாலேயே நிரப்பித் தள்ளினார். நன்றி மறவாத பிரிண்டர் அவர் கண்ணெதிரே நான்கு தாள்களைத் துப்பியது. நான்கும் கவிழ்ந்து கிடந்தன.

"என்ன இது?"

"தெரியாது சார்" என்றார் சுவரண்ணன், சுவரைப் பார்த்தபடி. அது உண்மை.

"யாரோடது?"

"அது தெரியும் சார். சொல்ல மாட்டேன். தப்பு என்னோடது. ஒரு வீட்டுல பிரிண்டரை எடுக்காம விட்டுட்டேன். அவங்களுக்கு இங்க வருதுன்னே தெரியாது."

"என் ஆபீஸ் பேப்பர். என் பிரிண்டர். நான் பார்க்கக் கூடாதா?" மேனேஜரின் கை தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அக்காவின் வேலை அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"பார்க்கலாம் சார். உங்க ஆபீசு" என்றார் சுவரண்ணன். "என் தப்புல திறந்த கதவு இது. அதனால நான் பார்க்கல. எந்தக் கதவுலயும் பார்த்ததில்ல. அன்னைக்கும் பார்க்கல சார்."

சொல்லிவிட்டு, பாஸ்வேர்டுக்குக் காத்திருக்கும்போது செய்வதுபோல முனகத் தொடங்கினார். அதே மெட்டு.

மேனேஜரின் முகத்தை நான் பார்த்தேன், சொன்னேனே, என் கண்கள் அப்படி. முதலில் காது சிவந்தது, அப்புறம் கழுத்து. நான்கு தாள்களையும் எடுத்தார். திருப்பவில்லை. மேசையில் தட்டி ஓரங்களைச் சரிசெய்து, சுவரண்ணனின் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்த கைகளில் வைத்தார். "பிரிண்டரை எடுத்துருங்க. இனிமே இப்படி நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன நடந்தது என்று எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. 'அன்னைக்கு' என்ற ஒரு சொல்லுக்கா மனிதர் இப்படிச் சிவப்பார்?

கீழே இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். சுவரண்ணன் இருபத்துமூன்று தாள்களையும் ஒரு கவருக்குள் போட்டு, மேலும் கீழும் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சீங்களாம்மா?"

"முதல் பக்கம் மட்டும்."

"தப்பு. எனக்குச் சொல்லாதீங்க." இரண்டு மாடி போனது. "சிரிப்பா இருந்துச்சா?"

"ரொம்ப."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் அவ்வளவு ஏக்கத்தை நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவுக்கு மெயில் வந்தது. கணவர் எழுந்து நடக்கும்வரை வீட்டிலிருந்தே தொடரலாம். சனிக்கிழமை சுவரண்ணன் பிரிண்டரை நீக்க அக்கா வீட்டுக்குப் போனார். போகிற வழியில்தான் என் தங்கை வீடு என்று ஒரு பொய்யைச் சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

சுவரண்ணன் போனில் விஷயத்தைச் சொன்ன வியாழக்கிழமையிலிருந்து அக்கா கணவரோடு பேசுவதில்லையாம், மாத்திரை நேரம் தவிர. சுவரண்ணன் கவரை நீட்டினார். டிரைவர் படுத்தபடியே டேப்பைப் பிரித்துப் பக்கங்களை எண்ணினார். மனிதருக்கு வெட்கமே இல்லை. "படிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?"

"நான் படிக்கலைங்க."

"ஒரு பக்கம்கூடவா?" டிரைவரின் முகம் தொங்கிப்போனது. மேனேஜர் படித்திருந்தால்கூட அவருக்குச் சம்மதம்தான் என்று தோன்றியது. "வேலை போயிருக்கும், தெரியுமில்ல? இதுல விமர்சனம் வேற கேக்குதா?" என்றார் அக்கா. மாத்திரை நேரம் இல்லாமலே பேசிவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தார்.

சுவரண்ணன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து பிரிண்டரை நீக்கினார். "எதுக்கும் புது பாஸ்வேர்ட் ஒன்னு போட்டுருங்கம்மா. ஐயாவுக்கும் சொல்ல வேணாம்" என்று இடத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முனகல் ஆரம்பமானது.

டிரைவர் விடுவாரா? பார்க்க மாட்டார், சரி. கேட்கலாமே! தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். மூக்குக் கண்ணாடி, பதினான்கு மெயில், பல்லி. அக்கா, "வாய மூடுங்க" என்று சொல்ல வந்து, பல்லி விழுந்த இடத்தில் தானே சிரித்துவிட்டார். "அண்ணே, அடிச்சு முடிச்சுட்டேன். திரும்புங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் அடிங்கம்மா" என்றது முதுகு.

டிரைவருக்கு உற்சாகம் பிறந்தது. தாள்களைத் தள்ளி, கடைசி நான்கு பக்கங்களுக்கு வந்தார். மேனேஜர் தட்டி அடுக்கிய அதே நான்கு பக்கங்கள். "லிஃப்ட் படலம்! மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, அந்த இருட்டுப் பெட்டிக்குள் நம் சக்கரவர்த்தி என்ன செய்தார்? அழுதார் என்பார் சிலர். சட்டையைக் கழற்றினார் என்பார் சிலர். இல்லை, சொந்தமாக ஒரு ராகம் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்பார் சிலர்."

முனகல் சட்டென்று நின்றது.

யாரும் 'முடிஞ்சது' என்று சொல்லவில்லை. அப்படி நடுவில் அது நின்று நான் பார்த்ததே இல்லை. எந்தப் படத்திலும் இல்லாத மெட்டு. ஏழு வருடங்களுக்கு முன்னால் வந்த வியாதி. சிவந்துபோன காது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேனேஜர் பெட்டிக்குள் பாடியதை இந்த மனிதர் ஏழு வருடங்களாக ஆபீஸ் முழுக்க, நாற்பத்தொரு வீடுகளில், எங்கள் ஒவ்வொருவர் காதிலும் பாடிக்கொண்டே திரிந்திருக்கிறார். பார்க்கவில்லை என்றுதானே சொன்னார்!

"அண்ணே, அன்னைக்குக் காதுல விரல் விட்டுக்கலையா?" என்றேன்.

"லிஃப்ட் கதவைத் திறக்க ரெண்டு கையும் வேணும்மா" என்றார், திரும்பாமலே.

டிரைவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சுவரண்ணனின் கைகள் இப்போது சும்மாதான் இருந்தன. காதுப் பக்கம் போகவில்லை. இரண்டும் முழங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, சுவரைப் பார்த்திருந்த அந்த முதுகு குலுங்கிக் குலுங்கி ஆடிக்கொண்டிருந்தது.